பதினான்கு கையெழுத்துகள்

ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் முதல் பாடம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். ஒன்றியம் போடும் சட்டங்களில் இரண்டு வகை முக்கியம். ரெகுலேஷன் என்பது ஒன்று. அது நடப்புக்கு வந்த நாளிலிருந்து இருபத்தேழு நாட்டுக்கும் அதுதான் சட்டம், யாரும் தனியாக எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. டைரக்டிவ் என்பது இன்னொன்று. அது ஒவ்வொரு நாட்டையும் பார்த்து, இன்ன தேதிக்குள் இதை உன் ஊர்ச் சட்டமாக எழுதிக்கொள் என்று சொல்லும். அந்தத் தேதி வரும்வரை ஒரு சாதாரண ஆள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கம்பெனியை எதுவும் கேட்க முடியாது. இந்தக் கேள்விக்கு நான் இருபதுக்கு இருபது வாங்கியிருக்கிறேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காக உச்சுக்கொட்டிவிடக் கூடாது.

நான் மலர்விழி. சேலத்தில் சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம். வீடு பள்ளிபாளையத்தில், துண்டு நெய்யும் மில் ஒன்றுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் ஏழாவது. காலையில் பஸ் பிடித்து சங்ககிரி வழியாகச் சேலம், சாயங்காலம் அதே வழியில் திரும்ப. போக வர மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில்தான் ஐரோப்பாவைப் படித்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஆன்லைனில் இலவசமாக நடத்திய ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு அது. உட்கார இடம் கிடைத்தால் போனில் தீர்ப்புகளைப் படிப்பேன், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்து நின்றபடி காதில் மாட்டிக் கேட்பேன். இருபத்தேழு நாடுகள் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்படுகின்றன என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. எங்கள் லைனில் பதினெட்டு வீடுகள் ஒரு தண்ணீர்க் குழாய் விஷயத்தில்கூட ஒரு முடிவுக்கு வந்ததில்லை.

ஜோதி எங்கள் லைனில் மூன்றாவது வீடு. பன்னிரண்டாவது வரை நானும் அவளும் ஒரே பெஞ்சு. கணக்குப்பதிவியலில் எப்போதும் என்னைவிட நாலு மார்க் கூட வாங்குவாள். அப்பா இல்லை. அம்மா பாப்பாயி, மில்லில் ஃபினிஷிங் செக்‌ஷன். பள்ளிக்கூடம் முடிந்த ஜூன் மாதம் நான் சேலம் பஸ்ஸில் ஏறினேன், அவள் தன் அம்மாவோடு மில்லுக்குள் போனாள். என் அம்மா அங்கம்மாளுக்கும் அதே செக்‌ஷன்தான்.

ஃபினிஷிங் என்றால், வெளுத்துக் காய்ந்து வரும் துண்டுகளில் பிசிறு வெட்டி, கறை பார்த்து, மடித்து, சீட்டுக் குத்திப் பெட்டியில் போடுவது. பெண்கள் துண்டைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று அந்த ஹாலுக்கு வெளியிலிருந்து பூட்டு. சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். டீக்கும் சாப்பாட்டுக்கும் திறந்துவிடுவான். பத்து வருஷமாக அப்படித்தான். அம்மா இதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. சட்டம் படிக்கிற எனக்கும் அது தப்பென்று உறைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசியில், ஐரோப்பாவில் கடைகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்குப் பண்டிகை ஆர்டர் போய்க்கொண்டிருந்த நேரம். ஒருநாள் மத்தியானம் பக்கத்தில் துண்டு வெளுக்கும் பிளீச்சிங் செக்‌ஷனிலிருந்து காரமான ஆவி ஹாலுக்குள் இறங்கியது. பதினைந்து பெண்களும் இருமிக்கொண்டே கதவுக்கு ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் லாரியோடு எடைமேடைக்குப் போயிருந்தான், சாவி அவன் இடுப்பில். ஜோதிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. இருபது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தபோது அவள் பாப்பாயியின் மடியில் கிடந்தாள், உதடு நீலமாகி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உடம்பில் ஏற்கெனவே இருந்த கோளாறு என்று காகிதம் கொடுத்தார்கள். மில்லிலிருந்து ரோஜா மாலை வந்தது.

எனக்கு போன் வந்தபோது பஸ் சங்ககிரியில் நின்றிருந்தது. காதில் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் பள்ளிபாளையம் வரை அந்த வெளிநாட்டுக்காரர் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார்.

அந்த வகுப்பின் கடைசிப் பாடத்தில்தான் அது வந்தது. அதற்கு முந்தின கோடையில் ஒன்றியம் ஒரு புது டைரக்டிவ் போட்டிருந்தது. ஐரோப்பாவில் வியாபாரம் செய்யும் பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்குச் செய்து தருகிறவர்கள் தொழிலாளியை எப்படி நடத்துகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பாதிக்கப்பட்டவர் அந்தக் கம்பெனிக்குப் புகார் எழுதலாம். புகார் எழுதியவர் பெயரை ரகசியமாக வைக்க வேண்டும், அவரைப் பழிவாங்க விடக்கூடாது. படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது ஜோதிக்காகவே எழுதினதுபோல இருக்கிறதே என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். கடைசிப் பக்கத்தில் தேதி இருந்தது. நாடுகள் இதைத் தங்கள் சட்டமாக எழுதிக்கொள்ள இரண்டு வருஷம். கம்பெனிகளைக் கட்டுப்படுத்துவது அதற்கும் பிறகு.

அந்தப் பக்கத்தையும் படித்தேன். எந்த நாளில் படித்தேன் என்றுகூட நினைவிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பின் கடைசிக் கட்டுரைக்கு, படித்த சட்டம் ஒன்று ஒரு நிஜ மனுஷரைப் போய்த் தொடுகிற இடத்தைக் காட்டி எழுதுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் செய்தித்தாளைத் தேடிக்கொண்டிருந்தபோது என்னிடம் ஜோதி இருந்தாள். நான் அவளுக்காகச் செய்தேனா, கட்டுரைக்காகச் செய்தேனா என்று இன்றைக்குக் கேட்டால், முக்கால் பங்கு அவளுக்காக என்று சொல்வேன். அந்தக் கால் பங்கு என்னை விடுவதில்லை.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்த பதினான்கு பெண்களும் பாப்பாயி வீட்டில் கூடினார்கள். வீடு கொள்ளாமல் பாதிப் பேர் வாசலில். நான் நடுவில் நின்று சட்டத்தைச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். கல்லூரியில் நடத்தும் மாதிரிக் கோர்ட்டில்கூட அப்படிப் பேசினதில்லை.

பாப்பாயி முழுவதையும் கேட்டுவிட்டுக் கடைசியில் இரண்டே கேள்விதான் கேட்டாள்.

“ஏங் கண்ணு, இந்தச் சட்டம் இப்ப நடப்புல இருக்குதா?”

“போட்டுட்டாங்க பெரிம்மா. போன வருசமே போட்டுட்டாங்க.”

“அப்ப எங்க பேரு வெளிய போவாது?”

“போவக்கூடாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்குது.”

நான் சொன்ன இரண்டிலும் ஒரு வார்த்தை பொய் இல்லை. வக்கீலாக எனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். “நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பொறுப்பு? அம்மன் கிட்டப் பூக் கேட்டுப் பாப்பம். அவ உத்தரவு குடுத்தா நானே மொதக் கையெழுத்துப் போடறேன். இல்லீன்னா இதோட உட்டர்லாம்.”

எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் அம்மனிடம் பூக் கேட்காமல் ஆரம்பிப்பதில்லை. ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரித் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும். கேட்கிறவர் குளித்து ஈரத்தோடு வந்து ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தை எங்கள் கோயிலில் பிரிப்பதில்லை. அப்படியே கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிடுவார்கள். அம்மன் சொன்னதைச் சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று கணக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயிலில் எல்லோரும் கூடினோம். பூவைக் கட்டுகிறவர் மில்லில் வேலை செய்யாதவராக இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. பாப்பாயிதான் சொன்னாள்: “மலரு கட்டட்டும். படிச்ச புள்ள, பொய் பெரட்டு தெரியாது.”

கோயிலுக்குப் பின்னால் அரளிச் செடி. நான் மட்டும் போனேன். வெள்ளையில் ஒன்று பறித்தேன். சிவப்புக்குக் கை போனது, பாதியில் நின்றது. பாதிக்குப் பாதி. ஒரு பெண் மூச்சு முட்டிச் செத்ததைச் சொல்வதா வேண்டாமா என்பது பாதிக்குப் பாதியில் தொங்குகிறது என்று நினைத்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோயிலின் மேல், என் அம்மாவின் மேல், எல்லாவற்றுக்கும் பயந்து சாகிற எங்கள் லைனின் மேல். இன்னொரு வெள்ளையைப் பறித்தேன். இரண்டு வாழையிலைத் துண்டில் இரண்டு வெள்ளைப் பூ. நாரைக் கட்டி எடுத்து வந்து அம்மன் காலடியில் போட்டேன்.

பாப்பாயி காவிரியில் முழுகிவிட்டு வந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். எழுந்து, “தாயி, என்ற புள்ளைக்காகக் கேக்கறேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப்போடு, நான் மனசத் தேத்திக்கறேன்” என்று சொல்லி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளையைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஜோதி செத்த பிறகு பாப்பாயி வாய்விட்டு அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். மற்றப் பெண்களும் அழுதார்கள். எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷம்.

பதினான்கு கையெழுத்தும் அந்தக் கோயில் வாசலிலேயே வாங்கினேன். தமிழில் நான் வாசித்துக் காட்டிய வாக்குமூலம், கீழே பெயர்கள். ஆங்கிலத்தில் நான் எழுதிய கடிதத்தோடு சேர்த்து, கம்பெனியின் புகார் முகவரிக்கு ஈமெயிலில் அனுப்பினேன். கட்டுரையையும் முடித்து அனுப்பினேன். அந்த வகுப்பிலேயே அதற்குத்தான் முதல் மதிப்பெண். ‘மனதை உலுக்குகிறது’ என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

கம்பெனியிலிருந்து ஆறாம் நாள் நன்றி சொல்லிப் பதில் வந்தது. மூன்றாம் வாரம் மில்லின் மேனேஜர் சிவக்குமார் ஃபினிஷிங் ஹாலுக்குள் வந்து ஒவ்வொருவர் பெயராக வாசித்தார். வாக்குமூலத்தில் இருந்த அதே வரிசையில். கம்பெனி எங்கள் புகாரை, பின்னிணைப்போடு, கையெழுத்துகளோடு, உங்கள் விளக்கம் என்ன என்று கேட்டு மில்லுக்கே அனுப்பியிருந்தது. பெயரை மறைக்க வேண்டும் என்று அவர்களை இன்னும் எந்தச் சட்டமும் கட்டவில்லை. விசாரணை முடியும்வரை ஆர்டரையும் நிறுத்தி வைத்தார்கள். ஆர்டர் இல்லாத ஃபினிஷிங் செக்‌ஷனை மில் இழுத்துப் பூட்டியது.

பதினான்கு பேரும் வெளியே வந்தார்கள். பக்கத்து மில்களில் கேட்டார்கள். குமாரபாளையம் வரை போய்க் கேட்டார்கள். அந்தப் பெயர்ப் பட்டியல் இவர்களுக்கு முன்னால் எல்லா கேட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. என் அம்மா கரும்பு வெட்டப் போய் இரண்டே நாளில் கையெல்லாம் கிழித்துக்கொண்டு திரும்பினாள். வீட்டில் என்னோடு பேசுவதை மெல்ல மெல்லக் குறைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஏப்ரலில் ஒன்றியம் அந்த டைரக்டிவின் தேதியை இன்னும் ஒரு வருஷம் தள்ளி வைத்தது. கம்பெனிகளுக்குச் சிரமமாக இருக்கிறதாம். செய்தியைக் கல்லூரி கேன்டீனில் போனில் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன, முன்னால் இருந்த தேதியையே நான் சொல்லவில்லையே.

சித்திரை கடைசியில் சிவக்குமார் லைனுக்கே வந்தார். மரியாதையான ஆள், குரலை உயர்த்த மாட்டார். குழாயடியில் பெண்களைக் கூட்டிவைத்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

“ஏனுங்கக்கா, நடந்தது நடந்துபோச்சு. அந்தக் கம்பெனிக்காரங்க புகாரு முடிஞ்சாத்தான் ஆர்டர் போடுவாங்களாம். பதினாலு பேரு குடுத்தது, பதினாலு பேரும் வாபஸ் வாங்கோணும். ஒண்ணு கொறஞ்சாலும் ஆவாதுங்க. கையெழுத்துப் போட்டீங்கன்னா மறுவாரமே எல்லாரும் வேலைக்கு வரலாம்.”

காகிதத்தில் மூன்று விஷயம். ஹால் கதவு வேலை நேரத்தில் ஒருநாளும் பூட்டியிருந்ததில்லை. ஜோதி தன் சொந்த நோயால் ஹாலுக்கு வெளியே மயங்கி விழுந்தாள். மலர்விழி என்னும் சட்டக் கல்லூரி மாணவி எங்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினாள். மூன்றாவதன் நகல் ஒன்று கல்லூரிக்கும், அப்புறம் நான் வக்கீலாகப் பதிவு செய்யப் போகும்போது பார் கவுன்சிலுக்கும் போகும் என்று சிவக்குமார் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

முதல் கையெழுத்து என் அம்மா போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதிமூன்று ஆனது.

பாப்பாயி போடவில்லை.

“அம்மன் உத்தரவு குடுத்துச் செஞ்சது. அவ சொல்லாம நான் திருப்ப மாட்டேன்” என்றாள்.

ஒரு வாரம் எல்லோரும் கெஞ்சினார்கள். அப்புறம் பேச்சை நிறுத்தினார்கள். குழாயில் அவள் குடத்தை யாரோ நகர்த்தி நகர்த்திக் கடைசிக்குக் கொண்டுபோனார்கள், அவள் முறை வரும்போது தண்ணீர் நின்றுவிடும். ஒரு வீட்டில் காதுகுத்து வந்தது, லைன் முழுக்க அழைத்தார்கள், மூன்றாவது வீட்டைத் தாண்டிப் போனார்கள். ஒருநாள் அவள் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு அங்கே தன் குடத்தை வைத்த கையை நான் பார்த்தேன். அது என் அம்மாவின் கை. ஜோதி பிறந்தபோது பாப்பாயிக்குப் பத்தியச் சோறு போட்ட கை அது.

அந்த இரண்டு வாரமும் நான் என்ன செய்தேன் என்றால், சும்மா இருந்தேன். உண்மையைச் சொல்வதானால், பாப்பாயி கையெழுத்துப் போடாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் போடாதவரை என் பெயர் சேலத்துக்குப் போகாது. அவளைப் பட்டினி போட்டுத்தான் நான் வக்கீலாகப் போகிறேன் என்று தெரிந்தும் தினமும் பஸ் ஏறினேன்.

கடைசியில் அம்மாதான் வாயைத் திறந்தாள். “மலரு, நீ இழுத்துட்டு வந்தது. நீயே போய்ச் சொல்லு அவகிட்ட. பதிமூணு ஊட்டுல அடுப்பு அணைஞ்சு கெடக்குது.” குரலில் கோபம்கூட இல்லை. அலுப்பு மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் போனேன். பாப்பாயி முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாயை இழுத்துப் போட்டாள். லைனில் இன்னும் அவளோடு பேசுகிற ஒரே ஆள் நான் என்று நினைத்திருப்பாள் போல.

“வா சாமி. உங்கம்மா அனுப்புனாளா?”

நான் பாயில் உட்கார்ந்தேன்.

“நீ வெசனப்படாத கண்ணு. நான் போட மாட்டேன். அந்த மூணாவதுல உன்ற பேர எழுதி வெச்சிருக்கறான் பாரு, அதப் போட்டா உன்ற படிப்பு போச்சு. ஒரு புள்ளையக் குடுத்துட்டேன். இன்னொரு புள்ளைய நானே கையெழுத்துப் போட்டுக் கெடுப்பனா? அம்மா வெள்ளப் பூக் குடுத்திருக்கறா. அவ பாத்துக்குவா.”

எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுதான் சொன்னேன்.

“பெரிம்மா, செகப்புப் பூ போடல.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கல்லைப் பொறுக்கிக்கொண்டே, “என்னது?” என்றாள்.

“ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் வெச்சேன். நீங்க எத எடுத்தாலும் வெள்ளதான் வந்திருக்கும்.”

முறத்தின் மேல் அவள் கை நின்றுவிட்டது. வாசலில் யாரோ சைக்கிளில் போனார்கள். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ கட்டறப்பக் கோயிலுக்குப் பொறத்தால நான் குளிச்சிட்டு வந்துட்டு இருந்தேன். தூரத்துல இருந்து பாத்தேன். உன்ற கை நடுங்கவே இல்ல” என்றாள். ஒரு கல்லை எடுத்து ஒதுக்கிவிட்டு, “அப்ப அம்மன் எனக்கு ஒண்ணுமே சொல்லல” என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை.

“அந்தச் சட்டம்?”

“அது இன்னும் நடப்புக்கு வரல பெரிம்மா. தேதி குடுத்திருந்தாங்க, இப்ப அதையும் தள்ளி வெச்சுட்டாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

அவள் முறத்தைத் தட்டி அரிசியை ஒரு பக்கம் ஒதுக்கினாள். பொறுக்கிய கல்லை வாசலுக்கு எடுத்துப் போய்ப் போட்டாள். உள்ளே வந்து முகம் கழுவினாள், வேறு புடவை மாற்றினாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, “வா” என்றாள்.

மில் ஆபீசுக்கு நடந்து போக ஐந்து நிமிஷம்தான். அவள் முன்னால் போனாள், நான் பின்னால். குழாயடியில் இருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சிவக்குமார் எங்களைக் கண்டதும் எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை. மேஜை மேல் காகிதத்தை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்து நீட்டினார்.

“அந்தப் புள்ள படிக்கட்டுங்க. கேட்டுப்போட்டுப் போடறேன்” என்றாள் பாப்பாயி.

“தெரிஞ்சதுதானுங்கக்கா.”

“படிக்கட்டும். போன வாட்டியும் அவதான் படிச்சா.”

சிவக்குமார் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். நான் படித்தேன். கதவு ஒருநாளும் பூட்டியிருந்ததில்லை என்று படித்தேன். பாப்பாயி தலையை ஆட்டினாள். இரண்டாவதைப் படித்தேன். என் மகள் ஜோதி தன் சொந்த நோயால் ஹாலுக்கு வெளியே மயங்கி விழுந்தாள், அப்போது நான் அருகில் இல்லை.

அருகில் இல்லை என்பது மற்றவர்களின் காகிதத்தில் இல்லை. அவளுக்கென்று தனியாகச் சேர்த்திருந்தார்கள்.

“அத இன்னொருக்காப் படி” என்றாள்.

நான் சிவக்குமாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொரு முறை படித்தேன். அந்த இருபது நிமிஷமும் தன் மடியில் கிடந்த பெண்ணைப் பற்றி, அருகில் இல்லை என்று ஒரு தாய்க்கு நான் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். படிக்கப் படிக்க அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அந்த வரியை அவள் மனப்பாடம் செய்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. நாளைக்கு யாராவது வந்து கேட்டால் தப்பில்லாமல் சொல்ல வேண்டும் அல்லவா.

மூன்றாவது என் பெயர். அதைப் படிக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அது வேண்டாம். அது நெசம்.”

குனிந்து கையெழுத்துப் போட்டாள். நாலாவது வரைதான் படித்தவள், ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுவாள். சிவக்குமார் மை காயட்டும் என்று காகிதத்தை விசிறினார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள் என்றார். பாப்பாயி, “வாரனுங்க” என்றாள்.

கேட்டைத் தாண்டியதும் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை உதறவில்லை, பிடிக்கும்படி கொடுக்கவும் இல்லை. முந்தானைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். பெரிம்மா என்றேன். லைனுக்குத் திரும்பும் இடம் வந்ததும் நின்றாள்.

“ஜோதி மூச்ச உடறதுக்கு முன்னால ஒண்ணு சொன்னா மலரு. உன்கிட்டச் சொல்லோணும்னு வெச்சிருந்தேன்” என்றாள்.

நான் காத்திருந்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இனி சொல்ல மாட்டேன் சாமி” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.